கீழ்த்தட்டுப் பை

லுஹர் தொழுதுவிட்டு வந்த சரீபா, தங்கையின் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டில் நிறைய ஆண்பிள்ளை உடுப்பு. நடுவில் ஹுஸ்னியா, ஒரு பழைய பெனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையில இருந்து எத்தினய ஒதுக்கின?"

"ரெண்டு, ராத்தா."

"விளங்கினாப்போலதான்."

ஹுஸ்னியாவின் மகள் சிபானாவுக்கு இன்னும் இருபத்திரண்டு நாளில் கலியாணம். மருதமுனையில் வீடு பெண்ணுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பெற்றவள் பெரிய அறையை விட்டுக்கொடுத்துப் பின்னறைக்கு ஒதுங்கவேண்டும். ஹுஸ்னியா தன் உடுப்புகளை ஒரு சூட்கேசில் பூட்டி எப்போதோ பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டாள். மவுத்தாகி நாலு வருசமான புருசன் மசூரின் உடுப்புத்தான் அலுமாரியை விட்டு அசையவில்லை.

சரீபா சும்மா இருக்கிறவள் அல்ல. கட்டிலில் ஏறி உட்கார்ந்து தரம் பிரிக்கத் தொடங்கினாள்.

"பெருநாள் சேட்டு ரெண்டையும் வெய். இந்தக் கிழிஞ்ச சாரனெல்லாம் என்னத்துக்கு?"

"பெருநாள் சேட்டு வருசத்துக்கு ரெண்டு தரம் போட்டது ராத்தா. அதுல அவர் இல்ல. இதுலதான் இரிக்காரு."

அரிசி மில் லொறி ஓட்டியவர் மசூர். கிறீஸ் கறை போகாத சேட்டு, சைக்கிள் சங்கிலியில் கிழிந்த சாரன், கழுத்து நைந்த பெனியன். ஊருக்கு அவை தரை துடைக்கும் துணி. ஹுஸ்னியாவுக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள், ஒரு சண்டை, ஒரு சிரிப்பு. எதைக் கொடுப்பது என்று எடுத்தாலும் கை திரும்பித் தன் பக்கமே வந்தது.

கடைசியில் கீழ்த்தட்டு மட்டும் மிச்சம். அங்கே ஒரு ஷொப்பிங் பை, வாய் கட்டியபடி கிடந்தது.

சரீபாவின் கை தயங்கியது. அது என்ன பை என்று அவளுக்கும் தெரியும்.

கொரோனாக் காலத்தில் மசூரைத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஏற்றிப்போனார்கள். பதினோராம் நாள், உடுப்புக் கொண்டுவரச் சொல்லிப் போன் வந்தது. சுகமாகிவிட்டார், வீட்டுக்கு விடப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் ஹுஸ்னியா. அவர் வீட்டில் இடுப்பில் கட்டும் நீலக்கோடு போட்ட சாரனையும் ஒரு சேட்டையும் சிரித்துச் சிரித்து மடித்து அனுப்பினாள். மறுநாள் பை மட்டும் திரும்பி வந்தது, கட்டிய முடிச்சு கட்டியபடி. மையித்தைக் குளிப்பாட்டவில்லை. அடக்கத்துக்கான கபன் துணி சுற்றவில்லை. கொரோனாச் சட்டம் என்று சொல்லி எரித்துவிட்டார்கள். உடம்பில் ஒரு முழம் துணிகூட இல்லாமல் போய்விட்டாரே என்ற ஒரு நினைப்புத்தான் நாலு வருசமாய் அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

"இண்டைக்கி அவிழ்ப்பம்" என்றாள் ஹுஸ்னியா.

அது அவள் போட்ட முடிச்சுத்தான். நகத்தால் நெம்பித்தான் அவிழ்க்க முடிந்தது.

சாரனில் அவள் மடித்த மடிப்பு இல்லை.

இடுப்பில் முறுக்கிச் செருகிய சுருக்கம் இருந்தது. சேட்டின் கழுத்துப்பட்டி வேர்வையில் நனைந்திருந்தது. ஹுஸ்னியா கையை உள்ளே விட்டாள்.

சூடு.

இப்போதுதான் ஒருவர் கழற்றிப் போட்ட உடுப்பின் சூடு.

உதறியதும் சாரனின் ஓரத்திலிருந்து சாம்பல் உதிர்ந்தது.

சரீபா கட்டிலை விட்டுக் குதித்து இறங்கி ஆயத்துல் குர்ஸியை உரத்து ஓதத் தொடங்கினாள். ஓதி முடித்ததும் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"புள்ள, இத வெச்சிரிக்காத. எல்லாத்தையும் ஸதக்காவாக் குடுத்துரு. கலியாண வீடு இது."

"குடுத்தா அவர் என்னத்த உடுக்கிற, ராத்தா?"

ஹுஸ்னியா அந்தச் சாரனை முகத்தில் வைத்துக்கொண்டு, நாலு வருசமாய் அழாத அழுகையை அழுதாள். அவர் இத்தனை நாளும் இதைத்தான் உடுத்திக்கொண்டிருந்திருக்கிறார். மாற்றிக் கட்ட இன்னொன்று இல்லாமல்.

மறுநாள் கல்முனைக் கடைத்தெருவுக்குத் தனியாகப் போனாள். கபனுக்கு என்று சொல்லி வெள்ளைத் துணி வாங்கினாள்.

"ஆம்பிளயா பொம்புளயா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. அளவு அதற்கேற்ப மாறும்.

"ஆம்பிள" என்றாள்.

வீட்டில் அதைக் கையாலேயே மூன்றாகக் கிழித்தாள். அத்தர் தடவினாள். எல்லாம் கட்டிலுக்கு வந்துவிட்டதில் வெறுமையாய்க் கிடந்த அலுமாரியில் நீலக்கோட்டுச் சாரனையும் சேட்டையும் ஒரு பக்கம் வைத்து, வெள்ளையை மறுபக்கம் வைத்தாள். "இத உடுத்திட்டு நிம்மதியாப் போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பின்னறையில் அன்றைக்குத்தான் நன்றாக உறங்கினாள்.

ஸுபஹு தொழுகை முடிந்து, வெளிச்சம் வந்தபின் அலுமாரியைத் திறந்தாள்.

நீலக்கோட்டுச் சாரன் வைத்தபடி இருந்தது. அதற்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டினாற்போல், அவளுடைய உடுப்புகள். வீட்டில் உடுத்தும் மூன்று சீத்தைச் சேலை, சாயம் போன சட்டை, தொழுகைத் துப்பட்டி. பின்னறைச் சூட்கேசில் பூட்டி வைத்தவை. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

வெள்ளைத் துணி அவளுடைய உடுப்பின் மேல் இருந்தது.

எடுத்து எண்ணினாள்.

ஐந்து துண்டு.

அவள் கத்தவில்லை. பயத்தை முந்திக்கொண்டு பாசம் வந்தது. பாவம், தனிமை பொறுக்காமல் கூப்பிடுகிறார். போனால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது குசினியில் சிபானா எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

ஹுஸ்னியா அலுமாரிக்குள் முகத்தை நுழைத்தாள். மகளுக்குக் கேட்காத குரலில் கதைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. நம்மட புள்ளட கலியாணம் முடியட்டும்."

உடுப்புகளுக்கு நடுவிலிருந்து, காதோரம் மூச்சுப் படும் கிட்டத்தில், சம்மதித்து மசூரின் குரல் வந்தது.

"ஓம்."