எக்ஸோஸ்ட் பிரேக்கை இழுத்தவன்

தலவாக்கலை கராஜில் ஜீவராஜ் பின்பெட்டி வைத்த தன் கெப் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது எத்தனையாவது தடவை என்று அவனுக்கே மறந்துவிட்டது. இஞ்சினில் குறையில்லை, டயரில் குறையில்லை. இறக்கத்தில் வேகத்தை அடக்குவதற்கென்று ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் லீவர் வைத்த அந்த எக்ஸோஸ்ட் பிரேக் மட்டும் அவன் உயிரை வாங்கியது.

"ஏத்தத்துல தானா விழுகுது பாஸ் அண்ணே. சமதரையில விழுகுது. டவுனுக்குள்ள பஸ்ஸுக்குப் பின்னால நிக்கிறப்பகூட புஸ்ஸுன்னு விழுகுது. தேவைப்படுற எடத்துல மட்டும் விழாது. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகுது!"

மெக்கானிக் றொனால்ட் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். "அதுல ஒரு கொறையும் இல்ல தம்பி. ஒன் கை பட்டிருக்கும்."

"என் கை ரெண்டும் ஸ்டீயரிங்ல இருக்குங்க!"

றொனால்ட் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வண்டியை முன்பு ஓட்டியவன் ஜெயகாந்தன். நுவரெலியாவிலிருந்து லீக்ஸ் மரக்கறி மூட்டை ஏற்றுகிறவன். டீசலுக்குக் கியூவில் நின்ற காலத்தில் மலையில் பல டிரைவர்களுக்கும் தொற்றிய பழக்கம் அவனுக்கும் தொற்றியது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் தட்டிவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவது. ஒரு நாள் கால் பிரேக் சூடேறிக் கைவிட்டதும், எக்ஸோஸ்ட் பிரேக்கை இழுத்திருக்கிறான். அது புகைக்குழாயை அடைத்து இஞ்சினைத்தான் இறுக்கும். கியரில் இல்லாத வண்டியில் இஞ்சின் அடங்கி என்ன, சக்கரம் அதன் பாட்டில் ஓடும்.

"வண்டி தேயிலைக்குள்ள சாஞ்சு நின்னிருச்சு. அவன் வெளிய விழுந்து செத்துக் கெடந்தான். ஒடிஞ்ச லீவர் கையிலயே இருந்துச்சு. இது நான் மாத்திப் போட்டது."

"அடப் பாவிகளா! விக்கிறப்ப ஒருத்தனாவது வாயத் தொறந்தானா?" ஜீவராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "வயரக் கழட்டி எறிங்க அண்ணே. அந்தச் சனியன் எனக்கு வேணவே வேணாம்."

றொனால்ட் வயரைக் கழற்றிச் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் பின்னேரம் அக்கரப்பத்தனை மேல்மலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் பின்பெட்டியில் ஏறி, தலைக்கு மேல் ரெட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஜீவராஜின் மனைவி கிருஷாந்தி முன்சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். அவர்கள் குடியிருந்த லயம் கீழே இருந்தது. நடுவில் இருந்ததெல்லாம் வளைவும் பனிமூட்டமும்தான்.

இறக்கம் தொடங்கியது. ஜீவராஜின் கை தானாகப் போய் நியூட்ரலில் தட்டியது. நேற்றுத்தான் அந்தக் கதையைக் கேட்டான். கேட்டும் கை பழைய கையாகவே இருந்தது.

முதல் வளைவு போனது. இரண்டாவதில் கால் பிரேக் மெத்தென்று உள்ளே போயிற்று. கருகல் வாடை அடித்தது.

கூடவே இன்னொரு வாடை. நனைந்த சாக்கு. பச்சை லீக்ஸ்.

லீவர் கீழே விழுந்தது.

புஸ்ஸ்ஸ்.

வயரே இல்லாத பிரேக் இஞ்சினின் கழுத்தை நெரித்தது. வண்டி நடுங்கியது. வேகம் மட்டும் குறையவில்லை.

"என்னங்க..." கிருஷாந்தி கதவோடு ஒட்டிக்கொண்டாள். "நடுவுல யாருங்க?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இடது தோளில் ஈரத் துணி ஒன்று உரசியது. காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பிடிக்கலையே... பிடிக்கலையே..."

லீவர் மேலே போனது, கீழே விழுந்தது, மேலே போனது, கீழே விழுந்தது. செத்தும் புத்தி வராமல் அதே தப்பை ஜெயகாந்தன் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான். பின்னால் பெண்கள் கத்தினார்கள். கியரைப் போட ஜீவராஜ் இஞ்சினை முறுக்கினான். அடைத்த இஞ்சின் எழும்பவே இல்லை. கியர் கறகறவென்று பல்லைக் கடித்துத் துப்பியது. பயத்தையும் மீறிக்கொண்டு அவனுக்குக் கோபம் வந்தது.

"விட்றா! விட்றா எருமை! கியர் இல்லாம இழுத்தா எப்பிடிடா பிடிக்கும்?"

காதருகே கேட்ட மூச்சு நின்றது.

லீவர் மெல்ல மேலே எழுந்தது.

இஞ்சின் உறுமிக்கொண்டு எழும்பியது. மூன்றாவது கியர் விழுந்தது. வண்டி குலுங்கியது. இன்னொரு முறுக்கு, இரண்டாவது கியர். கிளட்சிலிருந்து காலை எடுத்தான். ஆக்சிலேட்டரிலிருந்தும் எடுத்தான்.

"இப்ப இழு!"

புஸ்ஸ்ஸ்.

வண்டி முனகிக்கொண்டே அடங்கியது. முன்னால் சருகு ஊறிக் கிடந்த வளைவு தெரிந்தது. பின்சக்கரம் லேசாக வழுக்கியது.

"ஈரத்துல வேணாம், விடு! விடுன்றேன்ல!"

விட்டது. வளைவு கடந்தது.

"நேர் ரோட்டுல இழு."

இழுத்தது.

இப்படியே, ஒரு பிணத்துக்கு வண்டி பழக்கிக்கொண்டே, அவன் கீழே வந்து சேர்ந்தான்.

லயத்தடியில் பெண்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். "ஏன்டா ஜீவா, மனுசர ஏத்துறியா, மாட்ட ஏத்துறியா? கொடலே வாய்க்கு வந்திருச்சு!" என்றாள் வீரம்மா. யாரும் சாகவில்லை. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கிருஷாந்தி கதவைத் திறந்து ஓடினாள். அவள் சேலையின் வலது பக்கம், மழையே படாத பக்கம், சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஜீவராஜ் சாவியைத் திருப்பினான். இஞ்சின் நின்றது. இறங்கலாமென்று ஒரு காலைத் தரையில் வைத்தான்.

பக்கத்துச் சீட்டு அழுந்திக் குழிந்தே இருந்தது.

"நாளைக்கு எறங்குறப்ப சொல்லுங்க அண்ணே," என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு பணிவான குரல். "எந்த வளைவுல இழுக்கட்டும்?"