உள்ளே ஒன்று

மாலை ஐந்தரைக்கு உள்ளே இருந்தவர்கள்: வாயில் காவலர், டிக்கெட் கொடுக்கும் அக்கா, காட்சிப்பொருள்களுக்கு விவரச்சீட்டு எழுதுகிறவள், அவளை ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்திருந்த அவளுடைய அண்ணன்.

கட்டடம் மனநல மருத்துவமனையாக இருந்த காலத்து வழக்கம் ஒன்றை அருங்காட்சியகம் இன்னும் விடவில்லை. பூட்டும் முன் காவலர் தலை எண்ணி வாசல் கரும்பலகையில் எழுதுவார். விவரச்சீட்டு எழுதுகிறவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 'உள்ளே' என்பதற்கு எதிரே பூஜ்யம்தான் இருந்தது.

இன்று, 'வெளியே 3, உள்ளே 1.'

கணக்கில் இவ்வளவு வீக்கா என்று அவரைக் கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆறு மணிக்கு டியூஷன் வாசலில் மகள் காத்திருப்பாள் என்ற நினைப்பில் அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபோதுதான், முப்பது வருடமாக யாரும் படுக்காத வார்டிலிருந்து, அப்போதுதான் கழுவிவிட்ட தரையின் பினாயில் வாசனையும், அதற்கு அடியில் வேர்த்த தலையணையின் புளித்த வாடையும், இரும்புக் கட்டிலொன்று மெதுவாக முனகும் சத்தமும் வந்தன.

டிக்கெட் அக்கா கையில் ஒரு படிவத்தோடு நின்றாள். சற்று முன் இவள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த, நோயாளி சேர்க்கைப் படிவம். நிஜ நோயாளியின் விவரத்தைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்பது விதி. வெறும் தாளாக வைத்தால் எடுபடவில்லை. அதனால் மாதிரிக்குத் தன் பெயரையே எழுதியிருந்தாள். அறிகுறிகள்: தூக்கம் இல்லை, இல்லாத சத்தம் கேட்கிறது, வீட்டில் யாரையும் நம்புவதில்லை. சீக்கிரமே வந்துவிட்ட அண்ணன், 'சேர்ப்பவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உன்னை எப்பவோ சேர்த்திருக்கணும் என்று விளையாட்டாக அவள் தலையில் தட்டியிருந்தான்.

இப்போது அவன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாம்மா," என்றார் காவலர். தினமும் மேடம் என்று கூப்பிடுகிறவர்.

"ஐயா, நான் இங்க வேலை பாக்கறவ."

அவர் தலையாட்டினார். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன வாரம் அவளே எழுதிய விவரச்சீட்டு: 'பலர் தாங்கள் இங்கே பணிபுரிபவர்கள் என்றே கடைசிவரை சொல்லிவந்தனர்.'

கத்தினால் என்ன எழுதுவார்கள் என்று தெரியும். அழுதால் என்னவென்றும். பேசாமல் நின்றாலும் அதற்கொரு கட்டம் படிவத்தில் இருந்தது.

அண்ணன் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினான். பைக்குள் போன் அடித்தது. மகள்தான். அவன் எடுக்கவில்லை.

"உள்ள போன் வச்சுக்கக் கூடாதாம்," என்றான், குழந்தையிடம் பேசுகிற குரலில். "பாப்பாவை நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"அண்ணா. என்னைப் பாருண்ணா."

பார்த்தான். பரிதாபமாக.

முழங்கையில் காவலரின் கை. நடைவழி. பினாயில். வார்டு.

காலையில் அவளே விரித்துச் செருகிய ஆறு படுக்கைகள். ஐந்தில் போர்வைகள் தலைவரை இழுத்து மூடியிருந்தன. மேடாக. மெல்ல ஏறி இறங்கின. ஆறாவது கட்டிலில் போர்வை மடித்து விலக்கியிருந்தது. தலையணையில் பள்ளம். தொட்டாள். வெதுவெதுப்பு.

திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது. சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று.