பச்சைத் தாராவின் முகம்

ரத்னகாஜி கோயில் படியில் மல்லாந்து கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. கல்லில் ரத்தம் உறைந்திருந்தது.

உள்ளே... பச்சைத் தாரா தேவி இல்லை. வெறும் பீடம்!

லலித்பூரின் அந்த முற்றத்துக்குள் இன்ஸ்பெக்டர் பிரேம் லிம்பு நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. போன மாதம்தான் பக்கத்து முற்றத்தில் இரண்டு சாமிகள் காணாமல் போயிருந்தன. அதே கும்பல்தான், தடுக்கப் போய் உயிரை விட்டிருக்கிறார் என்றார்கள் அக்கம்பக்கத்தார். வருஷா வருஷம் அந்த மரச்சிலைக்கு வர்ணம் தீட்டிக் கண் திறப்பவர் அவர்தானே!

மனைவி நானிமையா மட்டும் அழவில்லை.

லிம்புவுக்கு அது உறுத்தியது. அவர்கள் வீட்டு மாடிப்படிகளில் ஏறினார். மேல்தளத்தில் சமையலறை. அடுப்போரம் ஒரு சால்வை மூட்டை. பிரித்தார்.

தாரா!

"நான்தான் சார்," என்றாள் நானிமையா, பின்னாலிருந்து. "விடியக்காலைல இவளைச் சால்வைல சுத்தித் தூக்கிட்டுப் போனார். எவனுக்கு விக்கப் போறீங்கன்னு கேட்டேன். பதிலே இல்ல. பிடிச்சு இழுத்தேன்... விழுந்துட்டார்."

"ஒரு சிலைக்காகப் புருஷனையா?"

"சிலையா? முகத்தைப் பாருங்க சார். எங்க சலினா."

மகள் சலினா பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனவள். அந்த வருஷம் ரத்னகாஜி தேவிக்குத் தீட்டியவை அவளுடைய கண்கள். மனைவியிடம் அவர் சொல்லவில்லை. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. அன்று முதல் தினமும் விளக்கேற்றும் சாக்கில் மகளைப் பார்க்கப் போனாள்.

லிம்புவின் பையிலிருந்த ரத்னகாஜியின் செல்போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, புங்கமதி ஊர்த் தச்சன் பேசறேன். இன்னும் காணோமே? பூச்சி மருந்து தயாரா இருக்கு. பூசாரியும் சரின்னுட்டார். கண்ணை அரிக்கறதுக்குள்ள கொண்டாந்துடுங்க. அண்ணிகிட்ட மூச்சு விடமாட்டேன். மக முகம் உளுத்துப்போச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்கன்னீங்களே..."

லிம்பு போனை அணைத்தார்.

நானிமையா சிலையைத் திருப்பினாள். காதுக்குப் பின்னால் பொடிப் பொடித் துளைகள். மரத்தூள் அவள் மடியில் உதிர்ந்தது.

அப்போதுதான் அழுதாள். புருஷனுக்காகவா, மகளுக்காகவா... லிம்புவுக்குத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, விலங்குக்காகக் கைகளை நீட்டினாள்.

"வாயே திறக்காத மனுஷனோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அந்தத் தண்டனையைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க சார்."