மடக்கு சீட்டு

அறுநூற்று நாற்பது ரூபாய். ஊசி என்று எல்லோரும் கூப்பிட்ட ஒல்லிப் பையன் தன் கூட்டாளிகளுக்குப் பாக்கி வைத்துவிட்டுச் செத்த தொகை அது.

நான் வேன் கொட்டகையில் வண்டி கழுவுகிறவன். போன வருடம் ஊசியோடு சேர்த்து ஆறு பேர், எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் வண்டியில்தான் மலைக்குச் சுற்றுலா போனார்கள். ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். மழையில் ஒரு வளைவில் பின்கதவு திறந்துகொண்டதாம்.

இந்த வருடமும் அந்த ஐந்து பேர் வந்தார்கள். பட்டப்பகல். பரீட்சை முடிந்த கலகலப்பு. வண்டியைப் பார்க்கிறோம் என்று ஏறி உட்கார்ந்தார்கள். பெயிண்ட் மாறியிருந்ததால் அதே வண்டி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சொல்லாதே என்றிருந்தார் முதலாளி. நானும் வாயைத் திறக்கவில்லை.

"இந்தத் தடவை ரயில்ல போலாம்," என்றாள் தடிக் கண்ணாடி போட்ட பெண். அவளுக்குப் பட்டப்பெயர் சோடா.

"நீ டீ குடிக்கணும்னா ரயில் ஓரமா நிக்குமா?" என்றான் கேப்டன். கூட்டத்துக்குத் தலை அவன். "எப்பவும் போல கை தூக்குவோம். அண்ணே, நீங்க பொதுவான ஆளு. எண்ணுங்க."

அது அவர்கள் வழக்கம். பஸ்ஸோ ரயிலோ வேனோ, கையெண்ணித்தான் முடிவு. தோற்றவனும் பங்குக் காசைக் கொடுத்தாக வேண்டும்.

வேனுக்கு மூன்று கை.

ரயிலுக்குச் சோடாவும் அவள் தோழியும். இரண்டு.

இல்லை, மூன்று.

மூன்றாவது கை பின்கதவோரத்தில் உயர்ந்திருந்தது. மெலிந்த கை. நகக்கண்ணில் செம்மண்.

நான் காட்டிய பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். கை இல்லை. அங்கே இருப்பது மடக்கு சீட்டு. ஆள் உட்கார்ந்தால்தான் கீழே நிற்கும். எழுந்தால் ஸ்பிரிங் இழுத்து மேலே ஒட்டிக்கொள்ளும்.

அது கீழே இருந்தது.

மழையில் ஊறிய சட்டையின் வாடை வண்டிக்குள் பரவியது.

"இது அதே வண்டிதானே அண்ணே?" சோடா கிசுகிசுத்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் கேப்டன் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ரயிலுக்குக் கை தூக்குனது அவன் ஒருத்தன்தான். வேனுக்குக் காசு பத்தாதுன்னு சொன்னான். அப்புறம், கதவு ஆடுதுடா, முன்னாடி வரேன்னு கெஞ்சினான். நீ என்ன சொன்ன?"

கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லு."

"பாக்கியக் குடுத்துட்டு முன்னாடி வந்து உக்காருன்னு சொன்னேன்." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். "வெளையாட்டுக்குத்தான். நீங்களும் சிரிச்சீங்கல்ல."



அவன் பின்பக்கம் பார்க்காமலே முணுமுணுத்தான். "ஊசி, அந்தப் பாக்கி வேணாம்டா. விட்டுட்டேன்டா."

சீட்டு அசையவில்லை.

பிறகு டப்பென்று மேலே போய் ஒட்டிக்கொண்டது. நான் துடைத்துக் காயவிட்ட தரையில், அதற்குக் கீழே, ஆறு நூறு ரூபாய்த் தாள்களும் இரண்டு இருபதுகளும் கிடந்தன. ஈரமாக, செம்மண் அப்பி.

நடைவழியில் ஒரு ஈரக் கால்தடம். அதற்கு முன்னால் இன்னொன்று.

கேப்டனுக்குப் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

அதன் மெத்தை மெதுவாக அமுங்கியது.