மூன்றாவது இழுப்பு

வாளியில் இருந்த நட்சத்திர மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தன.

முந்தின நாள் மூத்த முழுக்காளி ப்ரோடி கடலடியிலிருந்து அள்ளி வந்தவை அவை. உள்ளங்கை அகலத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நட்சத்திர மீன்கள், குச்சிக் கால்களோடு ஒரு கடல் சிலந்தி, ஈரக் குடல்போலச் சுருண்டு கிடக்கும் ஒரு நாடாப் புழு. எல்லாமே பனித்துளையைப் பார்த்த பக்கத்தில் அப்பிக்கொண்டிருந்தன. மார்னி வாளியை அரைவட்டம் திருப்பி வைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு பார்த்தபோது, கடல் சிலந்தி மறுபடி துளைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தது.

தென்துருவத்தில், உறைந்த கடல்மேல் நிறுத்திய பலகைக் குடிசை அது. வெளியே, அந்தக் கோடையில் மறையவே மறையாத சூரியன். உள்ளே, நீருக்கடியில் தெளிவாகப் பார்ப்பதற்காக ஜன்னல்களில் கறுப்புத் துணி. நடுத்தரையில் வெட்டிய துளையிலிருந்து மட்டும் பச்சை வெளிச்சம் எழுந்து, முகங்களைக் கீழிருந்து காட்டியது. டீசல் அடுப்பின் புகைநாற்றமும் ரப்பர் உடைகளின் புளித்த வாடையும் கலந்து கிடந்தன. வாரம் முழுக்கத் துளைக்குள் மூக்கை நீட்டி மூச்சுவிட்டுப் போன சீல் என்னும் கடல்நாய் இன்று வரவில்லை.

லாக்லன் துளையின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். பனிக்கடியில் அவனுக்கு இதுதான் முதல் முழுக்கு. காலையில் ரொட்டி மென்றபடி, கீழே ஒரு சதுர அடியில் இருக்கும் உயிர்வகை டாஸ்மேனியாவில் அவன் அப்பாவின் பண்ணை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று ஓயாமல் பேசியவன், இப்போது துளையையே பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்புக் கயிற்றை மார்னி இழுத்து முடிச்சைச் சரிபார்த்தாள்.

"கயித்த விட்டுட மாட்டீங்கல்ல?" என்றான்.

"விட்டா உன் பங்குச் சாப்பாடும் எனக்குத்தான். எறங்குடா."

கயிற்றின் சட்டம் எளியது. ஓர் இழுப்பு, நலமா என்று கேட்பது. பதிலுக்கு ஓர் இழுப்பு, நலம். வேகமாகப் பல இழுப்பு, ஆபத்து. மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், கீழே இருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே வந்துவிட வேண்டும். இவ்வளவையும் லாக்லன் மனப்பாடமாகச் சொன்னான். அவனுக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. புதியவனின் முதல் முழுக்கில் மேலே இருப்பவர்கள் பதில் தருவதில்லை. கயிற்றைத் தளர விட்டு, அவன் இழுக்க இழுக்க இன்னும் விடுவார்கள். பயந்து மேலே வந்து கத்துகிறவன் அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்க வேண்டும். மார்னியும் தேய்த்திருக்கிறாள். அன்று கயிற்றைப் பிடித்திருந்தவன் ப்ரோடி.

இன்று ப்ரோடி காவல் ஆள். ஆபத்தென்றால் குதிப்பதற்காக முழு உடையோடு பெட்டிமேல் சாய்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தான்.

லாக்லனின் விளக்கு பச்சைக்குள் சிறுத்துப் போயிற்று. குமிழிகள் பனியின் அடிப்பக்கத்தில் வெள்ளிக் காசுகளாய்ச் சேர்ந்தன. கயிறு ஒருமுறை அசைந்தது. நலமா?

மார்னி ப்ரோடியைப் பார்த்தாள். அவன் உதட்டில் விரல் வைத்தான். அவள் கயிற்றை விட்டாள்.

மறுபடி இழுப்பு. மறுபடி விட்டாள். பிறகு வேகவேகமாக, துடிக்கிற மீனைப்போல. அவள் கை தானாக இறுகியது.

"விடு, இன்னும் விடு. கொஞ்சம் அழட்டும்" என்றான் ப்ரோடி.

விட்டாள். சுருள் சுருளாகக் கயிறு நீருக்குள் இறங்கியது. அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். மேலே வருகிற வழியாக நிமிர்ந்து நிற்காது. கடலடியில், ஆள் உயரக் கடற்பஞ்சுகளுக்கு நடுவே, வளையம் வளையமாகப் படிந்து கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் கடலடியிலேயே சுற்றிச் சுற்றி வருவான்.

துடிப்பு நின்றது.

போதும் என்றான் ப்ரோடி. மார்னி தளர்ந்த கயிற்றை வேகமாகச் சுருட்டி எடுத்தாள். ஓரிடத்தில் கனமாக நின்றது. ஒருமுறை இழுத்துக் கேட்டாள். பதில் இல்லை. மறுமுறை கேட்டாள். இல்லை.

"பழி வாங்குறான்" என்று சிரித்தான் ப்ரோடி. "நாம செஞ்சத நமக்கே செய்யறான், கெட்டிக்காரன்."

மூன்றாவது முறை கேட்டாள். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு பதில் வந்தது. அது இழுப்பாக இல்லை. யாரோ ஒருவர் கயிற்றில் மெல்லச் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்ததுபோல.

நலம்.

ப்ரோடி டீ குடிப்பதைத் தொடர்ந்தான். மார்னி துளையைப் பார்த்தாள். பனிக்கடியில் வெள்ளிக் காசுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து கரைந்துகொண்டிருந்தன. புதிதாக எதுவும் வரவில்லை.

"குமிழி வரல, ப்ரோடி."

அவன் எழுந்து வந்து பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. தன் கயிற்றை அவளுடைய மற்றக் கையில் திணித்தான், முகக்கண்ணாடியை இறக்கினான், குதித்தான். தெறித்த நீர் அவள் கன்னத்தில் சூடுபோல் சுட்டது.

இப்போது இரண்டு கைகளில் இரண்டு கயிறுகள். வலதில் ப்ரோடி. கேட்டபோதெல்லாம் வெடுக்கென்று பதில் சொன்னான். இடதில் லாக்லன். அவனும் பதில் சொன்னான், சாய்ந்து, நிமிர்ந்து.

செத்த சீல் ஒன்று கீழே கிடந்ததை அவள் போன கோடையில் பார்த்திருக்கிறாள். அவசரம் இல்லாத விருந்து. நட்சத்திர மீன்கள் எல்லாத் திசையிலிருந்தும் நகர்ந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஆள் நீள நாடாப் புழுக்கள் இடுக்கு கண்ட இடத்தில் நுழைந்தன. சீல் மறைந்து, சீலின் வடிவில் அவை மட்டும் இருந்தன. கீழே விழுகிற எதையும் அவை வீணாக்குவதில்லை.

ப்ரோடியின் விளக்கு ஆழத்தில் ஓரிடத்தில் நின்றது.

பிறகு வலதுகைக் கயிறு துடித்தது. பல இழுப்பு. ஆபத்து. ஆபத்து. மார்னி இடது கயிற்றை முழங்காலால் அழுத்திக்கொண்டு இரு கையாலும் வலதை இழுத்தாள். அசையவில்லை. பாறையில் கட்டியதுபோல. துளையில் ஒரு பெரிய குமிழி வெடித்தது. டீ வாசனை.

அப்புறம் அமைதி.

கேட்டாள். பதில் இல்லை. கேட்டாள். இல்லை. மூன்றாவது முறை.

சாய்ந்தது. நிமிர்ந்தது.

வாளிக்குள் ஏதோ பிளாஸ்டிக்கைச் சுரண்டியது. அவள் திரும்பவில்லை. ஏனென்றால் அப்போது இரண்டு கயிறுகளும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், தாங்களாகவே இழுத்தன. ஒருமுறை.

நலமா?

அவள் கை பதில் சொல்லிவிட்டது. பழக்கம்.

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டன. பதில் சொன்னாள். மறுபடி. ரேடியோ எதிர்ச் சுவரில் தொங்கியது. கயிறுகளை விடாமல் அங்கே போக முடியாது. கடைசியில் இரண்டையும் தரையிலிருந்த இரும்பு முளையில் கட்டிவிட்டு ஓடினாள்.

நிலையத்தின் சமையல்காரர் டெஸ்தான் எடுத்தார். புதுசு கத்திட்டானா என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் கீழ மாட்டிக்கிட்டாங்க. ஆள் அனுப்புங்க டெஸ். சீக்கிரம்."

பின்னால் முளை கிறீச்சிட்டது. ஒன்று.

டெஸ் சிரித்தார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். தன் முதல் முழுக்கில் அழுததைவிட இப்போது நன்றாக அழுகிறாள் என்றார்.

"டெஸ், சத்தியமா. விளையாட்டு இல்ல."

கிறீச். இரண்டு.

"நாங்க எத்தன புதுசப் பாத்திருக்கோம், கண்ணு" என்றார் டெஸ். "ப்ரோடிகிட்ட சொல்லு, இந்தக் கிழவன் ஏமாற மாட்டான். பாத்திரமெல்லாம் எடுத்து வச்சாச்சு, அனுப்பி வை."

ரேடியோ அடங்கியது.

கிறீச்.

மார்னி பாய்ந்தாள். கயிறுகளைப் பற்றினாள். பதில் சொல்ல இழுத்தாள்.

தளர்ந்திருந்தன.

இரண்டுமே. இழுக்க இழுக்க வந்தன. சட்டப்படி. மூன்று முறை கேட்டாயிற்று. பதில் இல்லை. ஆகவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு. மேலே.

பச்சை வெளிச்சம் மங்கியது. எதுவோ அதை அடைத்தது.

இரண்டு முகக்கண்ணாடிகள் அருகருகே நீரைப் பிளந்து எழுந்தன. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் இல்லை. சிவப்பு. மஞ்சள். இறுக்கி நெருக்கிய சின்னஞ்சிறு கைகள், கண்ணாடியில் பதிந்து, நகர்ந்து. லாக்லனின் கையுறை பனி விளிம்பில் ஏறியது. ஒவ்வொரு விரலும் தனித்தனி உயிராய் நெளிந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடின. தொட்டன. முழுக்காளிகள் நலம் சொல்லும் அந்த வட்டத்தை, மெதுவாக, தப்பில்லாமல் போட்டன.

பக்கத்தில் ப்ரோடியின் கையும் அதையே போட்டது.

பிறகு இரண்டும் அசையாமல் நின்றன, அவள் பதிலுக்காக.