கல்லில் வைத்த சாவி

எண்பத்து மூன்றாம் வருட மழைக்காலத்தில், மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் ஆபீஸ் கணக்கு எழுதும் புதுக் கிராணியாக வந்து இறங்கினார் பாலகிருஷ்ணன். லோரியில் கட்டில், அலமாரி, முன்சீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மனைவி திலகம். எல்லாவற்றையும்விடப் பத்திரமாக அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தது ஒரு பூட்டு. சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. துரை பங்களாவில் இருப்பதைப் போன்றது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் யாரும் பகலில் கதவைப் பூட்டுவதில்லை. அதனாலேயே கிராணி வீட்டைப் பூட்டியாக வேண்டும் என்பது அவர் கட்சி. குறை சொல்ல வீட்டுக்கு வருபவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "ஆபீஸ்ல வந்து பாரு. வீட்டுல யாரையும் பாக்கறதில்ல."

முதல் வாரமே காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. திலகம் கிளினிக்குக்குப் போயிருந்தாள். சாவி உள்ளே, கிராணி வெளியே, இடுப்பில் துண்டோடு. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் காளியண்ணன் குளியலறைச் சன்னல் வழியாகக் குதித்துத் திறந்துவிடும்வரை பாதி லயம் கூடி நின்று, மரியாதையாக வேறெங்கோ பார்த்தது.

மறுநாளே அந்தச் சன்னலுக்கு இரும்புக் கம்பி அடித்தார். இன்னொரு சாவியை வெளியே வைக்கவும் முடிவு செய்தார். மண்டோரின் மனைவி தாயம்மா, தன்னிடம் கொடுத்து வைக்கச் சொன்னாள். கிராணி வீட்டுச் சாவி மண்டோர் வீட்டு ஆணியில் தொங்குவதா?

வீட்டின் பின்னால் பலா மரத்தடியில் ஒரு தட்டைக்கல் கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த வெற்றிலை, ஒரு தகர டப்பா. கல்லில் சாவியை வைத்து டப்பாவால் மூடினார்.

தாயம்மா பார்த்துவிட்டாள்.

"அது கார்த்திகேசு கிராணிக்குப் படைக்கிற கல்லுங்கய்யா. புள்ளகுட்டி இல்லாம இந்த வீட்டுலயே செத்தவரு. சாவிக்கொத்த இடுப்புல செருகிக்கிட்டு, கோடாலித் தைலம் மணக்க மணக்க நடப்பாரு. அந்தக் கல்லுல எத வெச்சாலும் அவருக்குக் குடுத்ததாத்தான் ஆகும்."

"நல்லதாப் போச்சு. காவலுக்கு ஜாகா வெக்கிற சம்பளம் மிச்சம்லா" என்று சிரித்தார் கிராணி.

அன்றிலிருந்து வீட்டில் கோடாலித் தைலம் மணந்தது. காலியாகக் கிடந்த நாற்காலி, யாரோ உட்கார்ந்து எழுந்த சூட்டோடு இருந்தது. வாசலில் சாவிக்கொத்து குலுங்கும். போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது. எல்லாம் எலி என்றார் பாலகிருஷ்ணன். எலி தைலம் தேய்க்குமா என்று திலகம் கேட்டதற்கு, படித்தவர் என்பதால், எலிப்பொறி வாங்கி வந்தார்.

ஒரு மத்தியானம், மழையில் தோட்டமே இருட்டிக் கிடந்தபோது, சாப்பிட வந்தார். தன் சாவியை ஆபீசில் விட்டிருந்தார். திலகம் படுத்திருப்பாள், எழுப்ப வேண்டாம் என்று கல்லுக்குப் போய் டப்பாவைத் தூக்கினார்.

சாவி இல்லை.

அந்த மழையிலும் கல் வெதுவெதுப்பாக இருந்தது.

முன்வாசலுக்கு ஓடித் தட்டினார். உள்ளே தட்டில் கரண்டி உரசும் ஓசை. தைல வாசனை.

"யாரு?" என்றாள் திலகம்.

"நான்தான். தொற."

கதவோரம் வந்து மெல்லக் கேட்டாள். "நீங்க யாருங்க? எங்க வீட்டுக்காரரு உள்ளாற சாப்புட்டுக்கிட்டு இருக்காரு."

"திலகம், வெளிய வந்துரு. அது நான் இல்ல."

உள்ளே ஒருவர் இருமினார். பிறகு பேசினார். பாலகிருஷ்ணனின் அதே குரல், அதே மிடுக்கு.

"ஆபீஸ்ல வந்து பாக்கச் சொல்லு. வீட்டுல யாரையும் பாக்கறதில்ல."

உதைத்தார். தோளால் மோதினார். நல்ல பூட்டு, அசையவில்லை. குளியலறைச் சன்னலில் அவரே அடித்த கம்பி.

சத்தம் கேட்டுத் தாயம்மா மழையோடு வந்து கல்லில் வெற்றிலையும் சுருட்டும் வைத்தாள். பிறகு கிராணியைப் பார்த்தாள். அவர் கல்லின் முன்னால் சேற்றில் மண்டியிட்டார்.

"கதவத் தொறந்துவிடுங்க, ஐயா."

தோட்டத்துக்கு வந்த பிறகு துரையைத் தவிர வேறொருவரை அவர் ஐயா என்றது அப்போதுதான்.

கதவு திறந்துகொண்டது. மேசையில் வழித்துத் தின்ற தட்டு. திலகம் சொம்போடு நின்றிருந்தாள். "இப்பத்தான கை கழுவப் போனீங்க. அதுக்குள்ள எப்படி இப்படி நனைஞ்சீங்க?"

கல்லில் வைத்த சாவி மட்டும் திரும்பி வரவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுச் சுங்கை சோ என்ற ஊரில் வாடகை வீடு பார்த்தார்கள். குழந்தை பிறந்தது. புதுப் பூட்டின் இன்னொரு சாவியைப் பக்கத்து வீட்டு நாகமணியிடம் தானே போய், இரண்டு கையாலும் கொடுத்தார் பாலகிருஷ்ணன். மனிதர்கள் இருக்கும்போது கல் எதற்கு?

ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்தவரை வேலியோரம் நிறுத்தினாள் நாகமணி.

"அண்ணே, உங்கப்பா ரொம்பத் தங்கமான மனுசர்லா. பேரப்புள்ளயப் பாக்க வந்தாரு. திலகம் தூங்குதேன்னு சாவிய அவருகிட்டயே குடுத்துட்டேன்."

பாலகிருஷ்ணனின் அப்பா, மகன் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே செத்துப்போனவர்.

கதவு சாத்தியிருந்தது. சாவித் துவாரத்தில் கோடாலித் தைலம் மணந்தது. உள்ளே ஒரு சாவிக்கொத்து, விளையாட்டுக் காட்டுவதுபோல் குலுங்கியது. குழந்தை சிரித்தது.

அவர் தட்டினார்.

"யாரு?" என்று கேட்டது, உள்ளிருந்து அவருடைய குரல்.