ஊசிமுனை

அந்த வரியை அவள் எழுதவில்லை. வந்திருந்தது என்னவோ அவள் பெயரில்தான், அதாவது அவளுக்கு மட்டுமே தெரிந்த பொய்ப்பெயரில். ஓரகத்தி சின்னவளின் தையல் வீடியோவுக்குக் கீழே, ஊசிமுனை என்கிற கணக்கிலிருந்து, காலை ஐந்தே முக்காலுக்கு, "நாளைக்கு நாலு மணிக்கு லைவ் வா. பெரிய மெஷின்ல தைச்சுக் காட்டு" என்று ஒரு கமெண்ட். ஐந்தே முக்காலுக்கு அவள் அடுப்பில் பால் பொங்கிவிடாமல் காவல் நின்றுகொண்டிருந்தாள். போன் படுக்கையறையில் தலையணைக்கு அடியில் கிடந்தது.

யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று கடவுச்சொல்லை மாற்றினாள். மாற்றிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. சின்னவளின் வீடியோக்களில் வருவது மாடியறையில் இருக்கும் சின்ன மெஷின் மட்டும். முன்னறையில் மோட்டார் போட்ட பெரிய மெஷின் ஒன்று இருப்பது வீட்டு ஆட்களுக்கும், துணி கொடுக்க வரும் பத்துப் பெண்களுக்கும்தான் தெரியும்.

பெரியவள், சின்னவள் என்றுதான் அந்த வீட்டின் இரண்டு மருமகள்களையும் எல்லோரும் சொல்வார்கள். பெரியவள் பதினேழு வருடமாகத் தையற்காரி. பெரிய மெஷின் வாங்கிய அன்றே, ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்கும் சின்னக் கம்பியைக் கழற்றிப் போட்டவள். தையலை மறைக்கிறது என்று தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒருநாள் ஊசி இடது ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த நகம் இன்றைக்கும் நடுவில் பிளந்துதான் வளர்கிறது. அப்போதும் அவள் கம்பியைத் திரும்ப மாட்டவில்லை.

சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். தையல் பழகி இரண்டு வருடம். முகத்தைக் காட்டமாட்டாள், கையை மட்டும் காட்டுவாள். அந்தக் கையைப் பார்க்க ஒரு லட்சம் பேர். "என்ன அழகான கை", "கையப் பாத்தாலே மனசு நெறையுது" என்று வீடியோவுக்கு வீடியோ உருகினார்கள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பட்டன் துளையை ஒழுங்காக வெட்டத் தெரியாமல் காஜா எடுக்கிறவளுக்கு இத்தனை கொண்டாட்டமா? பதினேழு வருடத்தில் தன் கையை யாராவது ஒருமுறை அழகு என்று சொன்னதுண்டா? போன மாதம் மாமியாரே தன் ரவிக்கையைச் சின்னவளிடம் கொடுத்தார். அவள் கை ராசியான கை என்று காரணமும் சொன்னார். அன்று மாலை பிறந்ததுதான் ஊசிமுனை.

ஊசிமுனைக்கு முகம் கிடையாது. அதைப்போலவே முகமில்லாத ஒரு கூட்டம் சீக்கிரமே வந்து சேர்ந்தது. பிஞ்ச பட்டன், ஓட்டைப் பை, மொட்டைக் கத்திரி என்று பெயர்கள். ஒருவரையொருவர் பங்காளி என்பார்கள், யார், எங்கே என்று கேட்கமாட்டார்கள், அதுதான் அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம். யார் வீடியோவிலாவது புகுந்து கலாய்ப்பதுதான் பொழுதுபோக்கு. தொழில் தெரிந்த ஊசிமுனையின் குத்தல் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒருநாள் அவள் எழுதினாள்: "இந்தக் கைல ஒரு தடவ ஊசி எறங்கணும். அப்பதான் அடங்கும்." முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். சொர்க்கத்தில் இருப்பதுபோல இருந்தது அவளுக்கு. அன்று சின்னவள் கண் சிவந்து, சாப்பிடாமல் படுத்ததையும் பார்த்தாள். அடுத்த நாளும் எழுதினாள்.

இப்போது அந்தப் பெயர் தானாக எழுதுகிறது. யாராவது தோண்டித் துருவி அது பெரியவள்தான் என்று சின்னவளிடம் சொல்லிவிட்டால் இந்த வீட்டில் தலை நிமிர முடியாது. அன்று மத்தியானமே கணக்கை அடியோடு அழித்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் போய்ப் பார்த்தால், அழியாமல் இருந்த அதே கமெண்டுக்குக் கீழே, ஊசிமுனை பெயரிலேயே புதிதாக ஒன்று நின்றது.

"பேர நாங்க வச்சுக்கறோம், பங்காளி. நீ கைய மட்டும் கொண்டு வா."

மறுநாள் மத்தியானத்திலிருந்தே மழை. மூன்றரைக்கெல்லாம் வீடு இருட்டிப் போயிருந்தது. புருஷன்மார்களான அண்ணன் தம்பி இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள் சின்னவள். பெரியவள் பின்கட்டில் உட்கார்ந்து, ஜன்னல் தகரத்தில் விழும் மழையையும், எங்கோ சொட்டும் குழாயையும், ஈரத்துணியோடு கலந்து வரும் மெஷின் எண்ணெய் வாசனையையும் தவிர வேறெதுவும் வீட்டில் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சரியாக நாலு மணிக்குப் போன் அதிர்ந்தது. சின்னவள் லைவில் இருக்கிறாள் என்றது.

அதைத் திறக்காமல் சின்னவளுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவே சின்னவள் எடுத்தாள்.

"லைவா? நான் எதுவும் போடலக்கா. அத்தைக்குக் கண்ல மருந்து விட்டு உக்காரவச்சிருக்காங்க. அக்கா, அது என்ன சத்தம்? தைக்கிறீங்களா?"

போன் கட்டாகிவிட்டது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில். மிதிக்காமல் ஓடாத மோட்டார். சீராக, அவசரமில்லாமல், அவள் மிதிப்பதுபோலவே. நாலு தையல் ஓட்டி, ஒரு நிறுத்தம். நாலு தையல், ஒரு நிறுத்தம்.

வாசல் கதவைத் தாழிட்டது அவளேதான். அப்படியானால் உள்ளே யார்? நடைவழியில் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். சுவர் சில்லென்றிருந்தது. அவள் நிலைப்படியை மிதித்ததும் சத்தம் நின்றது. முன்னறையில் ஒருவரும் இல்லை. மெஷின் விளக்கு மட்டும் எரிந்தது. ஊசிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி. தொட்டுப் பார்த்தாள். மோட்டார் சூடாக இருந்தது.

அப்போதுதான் லைவைத் திறந்தாள்.

அதே மெஷின். அதே விளக்கு. அதே வெள்ளைத் துணி. துணியின்மேல் இரண்டு கைகள். காய்ப்பு விழுந்த கைகள். இடது ஆள்காட்டி விரலில் நடுவே பிளந்த நகம்.

நிமிர்ந்து பார்த்தாள். துணியின்மேல் எதுவும் இல்லை.

படம் ஆடாமல் இருந்தது. நூல்தாங்கியில் போனைச் சாய்த்து வைத்தால் தெரிகிற அதே கோணம். அவள் போனைப் பார்த்தாள். போன் நூல்தாங்கியில் சாய்ந்திருந்தது. எப்போது வைத்தாள்? எப்போது ஸ்டூலில் உட்கார்ந்தாள்?

துணியின்மேல் இப்போது கைகள் இருந்தன.

தொண்ணூறாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றது திரை. ஒரு லட்சம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கமெண்டுகள் கீழிருந்து மேலே ஏறின. பிஞ்ச பட்டன். ஓட்டைப் பை. மொட்டைக் கத்திரி. கேள்விப்படாத நூறு பெயர்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி.

"என்ன அழகான கை."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பயம்தான். பயம் மட்டும் இல்லை. எழுந்து ஓடச் சொன்னது மனது. கால் மிதியிலேயே இருந்தது.

"என்ன அழகான கை." "என்ன அழகான கை."

பிறகு அத்தனை வரிகளையும் தள்ளிக்கொண்டு ஒன்று மேலே வந்தது. ஊசிமுனை. அவள் எழுதிய வார்த்தைகள்தான், ஒரு எழுத்தும் மாறவில்லை.

"இந்தக் கைல ஒரு தடவ ஊசி எறங்கணும்."

இதயங்கள் பறந்தன. சிரிக்கும் முகங்கள் பறந்தன. இடது கை துணியை மெல்லத் தள்ளிக்கொண்டே முன்னால் போனது. பிளந்த நகம் விளக்கில் பளபளத்தது. தடுக்கக் கம்பி இல்லை.

கையை இழுத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொண்டால் ஒரு லட்சம் பேரும் போய்விடுவார்கள்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, வாசலில் ஆட்டோ நின்றது. சின்னவள் கதவைத் தட்டினாள். "அக்கா, கதவத் தொறங்க. அக்கா."

பெரியவள் விரல்களை விரித்து, எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிறமாதிரி வைத்து, மிதித்தாள்.